வலி போன சனிக்கிழமை

தோள்பட்டை வலிக்காகப் போன வாரம் மெர்கோங்கில், எலும்பையும் தசையையும் கையாலேயே நீவிச் சரிசெய்யும் ஓர் ஆஸ்டியோபதி நிலையத்துக்குப் போயிருந்தேன். கட்டிலில் குப்புறப் படுத்து, முகம் வைக்க விட்டிருக்கும் ஓட்டை வழியாகச் சிகிச்சையாளரின் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் பக்கம் ஒரு கிழிசல். மனிதர் கல்யாணம் ஆகாதவர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எழுந்தபோது கை காது வரை உயர்ந்தது. "வலி போச்சுன்னு பசார்ல காய்கறிப் பையைத் தூக்கிடாதீங்கக்கா," என்றார். எனக்கு உடனே ஸ்டெல்லா ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்டெல்லா லூனாஸ் பக்கத்துத் தோட்டத்துப் பெண். குருணில் ஒரு தொழிற்சாலையில் இருவரும் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் இருந்தோம். அந்த ரப்பர் வாசனை சோப்பு போட்டாலும் போகாது. சோற்றிலும் அதே வாசனைதான். வேலை முடிந்து வலைப்பந்துத் திடலுக்குப் போனால்தான் எங்களுக்கு மூச்சே வரும். அவள் அணியின் உயிர். நான் அணியின் தண்ணீர் பாட்டில். சும்மா சொல்லவில்லை, பாட்டில்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு.

ஒருமுறை பயிற்சியில் அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கெடா மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவதாகப் பேச்சு. அந்த அணியில் சேருவதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லை. சனிக்கிழமை என் மோட்டாரில் ஏற்றி, அலோர்ஸ்டாரில் ஓர் ஆஸ்டியோபதி சிகிச்சையாளரிடம் கூட்டிப்போனேன்.

அவர் அவளை நடக்கவிட்டுப் பார்த்தார். வலி கணுக்காலில், அவரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, வலி கீழலா," என்றாள் ஸ்டெல்லா. அவர் சிரித்துக்கொண்டே முழங்கால், பாதம் என்று இறங்கிவந்தார். அவசரமே இல்லாத கை. கட்டிலைவிட்டு இறங்கியவள் நொண்டாமல் வாசல் வரை நடந்தாள்.

"வலிதான் போயிருக்கு, சவ்வு இன்னும் ஆறல. ஒரு மாசத்துக்கு விளையாடாத தங்கச்சி."

"சரிண்ணே," என்றவள் வெளியே வந்ததும், "நாளைக்கு ஆடுறேன்டி," என்றாள்.

"அவரு சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துச்சு. ஆனா வலிக்கலயேடி. வலிக்காத கால வெச்சுக்கிட்டு எப்படிலா சும்மா உக்காருறது?"

மறுநாள் பந்துக்காகத் தாவினாள். இறங்கியது அதே காலில். சத்தம் ஓரத்தில் இருந்த எனக்கே கேட்டது. அதன் பிறகு எத்தனையோ சிகிச்சை பார்த்தாகிவிட்டது. அந்தக் கணுக்கால் பழையபடி ஆகவே இல்லை. எனக்கு இன்னும் ஒரு பைத்தியக்கார வருத்தம் உண்டு. அந்த மனிதரின் கை அவ்வளவு நல்ல கையாக இருந்திருக்க வேண்டாம். கொஞ்சம் வலியை மிச்சம் வைத்திருந்தால் அவள் பேசாமல் படுத்துக் கிடந்திருப்பாள்.

எங்கள் அணி கலைந்துவிட்டது. திடலில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அதுகூடப் பரவாயில்லை. அப்போது நாங்கள் தங்கியிருந்த தொழிற்சாலை விடுதியின் மாடிப்படியை ஸ்டெல்லா இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். சத்தம் கேட்டதுமே நாங்கள் கதவைத் திறந்துவிடுவோம். போன தீபாவளியன்று என் மாடி வீட்டுப் படியில் மெல்ல மெல்ல ஒரு காலடி கேட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கும், கைகொடுக்கலாம் என்று போய்க் கதவைத் திறந்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி ஸ்டெல்லா நின்றிருந்தாள்.