கல்லைத் தூக்கிப் போட மாட்டேன்

கடல் மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் போகிறவர் மீனைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு முன்னால் திட்டு வாங்கப் பழகிக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து ஊர் வாயில் விழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது உடனே புரியும்.

யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன மீன் துறை ஆபீசில் நான் உதவியாளன். ஊர் ஜனங்கள் வந்து பார்க்க ஒரு கடல் தொட்டி வைப்பதென்று முடிவாயிற்று. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

வெள்ளைக் கல்

எங்கள் சூப்பிரண்டுக்குச் சுத்தம் என்றால் உயிர். சுண்ணாம்புச் சூளைக்குப் போகிற முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல் குவியலிலிருந்து வெள்ளை வெளேரென்ற கல்லாகப் பொறுக்கி எடுத்து, தொட்டிக்குள் தேர் மாதிரி அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. விட்ட மீன்கள்தான் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

என் மேஜையில் ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தது. வலையில் சிக்கி வந்த ஒரு கல், பாசியும் ரோஸ் நிறப் பொருக்குமாக, அதற்குள் கிடந்தது. கூடவே ஒரு வரி மீன் குஞ்சு. அதே கடல் தண்ணீர், அதே தீனி. அது மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. செத்த கல் மீனைக் காப்பாற்றாது, மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கிற உயிர்கள் இந்தப் பாசி படிந்த கல்லில்தான் இருக்கின்றன, கடலிலிருந்து அப்படியே கொண்டுவர வேண்டும் என்று சூப்பிரண்டிடம் அடித்துச் சொன்னேன். அவர் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மீன் பிழைச்சிருக்கு, சரி. ஆனா பாக்க அசிங்கமா இருக்கேய்யா.”

தீவுப் பக்கம்

கஸ்பார் சங்கு குளிக்கிறவர். சூப்பிரண்டு அரைமனதாகச் சம்மதித்ததும், கஸ்பாரின் வள்ளத்தில் தீவுப் பக்கத்துப் பாறைக்குப் போனோம். அவர் முங்கி எடுத்துத் தருவார், நான் வாங்கிப் பார்ப்பேன். கையில் கனத்தால் வேண்டாம். உள்ளே ஓட்டை இல்லை என்று அர்த்தம். மேலே கடற்பஞ்சு அப்பியிருந்தால் வேண்டாம். அதுதான் முதலில் அழுகும். லேசாக, பொந்து பொந்தாக, ரோஸ் பொருக்குப் படர்ந்த கல்தான் வேண்டும். பத்தில் ஒன்று தேறினால் பெரிய காரியம். மற்றதெல்லாம் திரும்பக் கடலுக்குள்.

வெயில் ஏறிவிட்டது. கஸ்பார் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“சார், கல்லு எடுக்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?”

கருப்பட்டிக் கடை

எடுத்த கல்லை நேரே தொட்டியில் போட முடியாது. ஈரச் சாக்குப் போட்டு மூடி எவ்வளவு பதனமாகக் கொண்டுவந்தாலும், பொந்துக்குள் இருக்கிற சிலது வழியிலேயே செத்துப்போகும். சாகிறது செத்து ஓய்கிற வரைக்கும், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போட்டு, மேலே படிகிற வெள்ளைக் கொழகொழப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். செம்பு, பித்தளை ஆகாது. அந்தக் களிம்பே விஷம். அதனால் ஆபீஸ் கொல்லையில் மரப் பீப்பாய்களில் போட்டேன்.

மறுநாளே நாற்றம் கிளம்பியது. அந்த வாரத்துக்குள் தெருக் காக்காய் எல்லாம் எங்கள் சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பட்டிக் கடை. கடைக்கார அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரில் வந்தார். வாங்க வருகிறவர்கள் வாசலோடு திரும்புகிறார்களாம். இது உயிருள்ள கல், ஆறுவதற்கு நாளாகும், எடுக்க மாட்டேன் என்றேன்.

“உயிருள்ள கல்லுன்னு நீங்க சொல்லுதிய சார்வாள். மூக்கு நம்ப மாட்டேங்குதே.”

வெள்ளைப் பவுடர்

மெட்ராசிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. சூப்பிரண்டு பிளீச்சிங் பவுடர் டின்னோடு கொல்லைக்கு வந்தார். கொட்டினால் ஒரு மணி நேரத்தில் நாற்றம் போய்விடும் என்றார். கல்லில் இருக்கிற உயிரும் போய்விடும் என்றேன். அவர் டின்னைப் பியூன் கையில் கொடுத்தார். நான் பீப்பாய் மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. இருந்தாலும், “கொட்டுறதா இருந்தா முதல்ல என் தலையில கொட்டச் சொல்லுங்க சார்” என்றேன். பியூன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சூப்பிரண்டு டின்னைத் திரும்ப வாங்கி மூடினார்.

“இந்தக் கல்லு இனிமே ஆபீசுல இருக்கக் கூடாது. எங்க கொண்டுபோய் குடும்பம் நடத்துவியோ நடத்து.”

வாடகை வீடு

மாட்டு வண்டியில் பீப்பாய்கள் என் வாடகை வீட்டுக்கு வந்தன. என் மனைவி தங்கம் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேங்காய் நாரை எடுத்தாள். காலையில் நான் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு ஆபீசுக்குப் போவேன். கல்லைத் தேய்ப்பது அவள்.

ஒருநாள் பீப்பாய்க்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். பொந்தில் ஒளிந்திருந்த ஒரு சின்ன இறால், பெரிய கொடுக்கைச் சொடுக்கியிருக்கிறது. வீட்டுக்கார அம்மாள் கேட்டுவிட்டு, “ஏளா, என்னத்தளா உள்ள அடைச்சு வச்சிருக்க? இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணு” என்று நின்றாள். தங்கம் கையில் இருந்த நாரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இது இப்பப் பிள்ளை பெத்த பச்சை ஒடம்பு மாதிரிக்கா. அசைக்கக் கூடாது. தேறட்டும், பெறவு காலி பண்ணுதோம்.”

பெரிய அதிகாரி

ஒரு காலையில் தங்கம் கூப்பிட்டாள். பீப்பாயில் மூக்கை வைத்துப் பார்த்தேன். கடல் காற்று வாசம், வேறு ஒன்றுமில்லை. ரோஸ் பொருக்கு அப்படியே இருந்தது. சூப்பிரண்டும் முகர்ந்து பார்த்து விட்டுக்கொடுத்தார்; ஆபீஸ் தொட்டியிலிருந்த வெள்ளைக் கல்லை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு இதை அடுக்கினேன். முதலில் ஒரு மீன், அது பிழைத்த பிறகு இன்னொன்று என்று அவசரப்படாமல் விட்டேன். ஒன்றும் மல்லாந்து மிதக்கவில்லை.

பயணம் தள்ளிப்போன மெட்ராஸ் அதிகாரி ஒருவழியாக வந்தார். குனிந்து பார்த்தார். கல்லை ஏன் கழுவாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பிரண்டு முந்திக்கொண்டார்.

“கழுவப்படாது சார். எங்க ஆபீசுல அது வழக்கமில்ல.”

கஸ்பார்

கஸ்பார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு தொட்டி பார்க்க வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. பொந்துகளிலிருந்து குழாய்ப் புழுக்கள் விசிறி மாதிரி இறகுகளை விரித்திருந்தன. ஒரு நண்டு வெளியே வந்து, அவரைப் பார்த்து உள்ளே போயிற்று. அவர் கண்ணாடியை விட்டு நகரவேயில்லை. எல்லாம் நீங்கள் தினமும் பார்க்கிறதுதானே என்று கேட்டேன்.

“இல்ல சார். மூச்சு விட்டுக்கிட்டே இதப் பாக்கது இப்பத்தான்.”

கல்லைத் தூக்கிப் போடச் சொன்னவர்கள் அத்தனை பேரும் பிற்பாடு தங்கள் வீட்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அதைக் காட்டினார்கள், நானும் கதவைத் திறந்துவிட்டேன்.