பரங்கிப்பேட்டையில் போர்த்திய சால்வை

ஐந்து வருடத்தில் நான்கு ஃபுட்பால் கிளப். சிதம்பரத்தில் காலேஜ் படிக்கும்போது ஒன்று, பிறகு காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை, கடைசியாகக் கடலூர். எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. நடுக்களத்தில் ஆடுகிறவன் நான். பந்து எந்தப் பக்கம் போனாலும் ஓட வேண்டும். ஆட்டம் முடிந்தும் அந்த ஓட்டம் கால்களை விட்டுப் போகாது. ஒரு டீம் பழகிவிட்டால் அடுத்த மைதானத்தை நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

கடலூரில் மட்டும் காரணத்தோடு சேர்ந்தேன். லீக் சீசன் முழுவதும் ஒரே கிளப்பில் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். டிகிரி முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தேன். விண்ணப்பப் படிவத்தை அம்மா புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். மடங்கிவிடக் கூடாதாம்.

கிளப் செயலாளர் டயர் கடைக்காரர். சேரும்போதே சொல்லிவிட்டார்: "சீசன் முடியிற வரைக்கும் வேற டீமுக்கு ஆடாத. ஆடுனேன்னு தெரிஞ்சுது, பேர அடிச்சிடுவேன்."

இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். ஒரு ஞாயிறு காலையில் பரங்கிப்பேட்டை கோல்கீப்பர் போன் செய்தான்.

"மச்சான், இன்னிக்கு ஃபைனல். சவுதியிலேருந்து லீவுல வந்தவன் கால் சுளுக்கிக்கிட்டு குந்தியிருக்கான். நடுவுல ஆளில்ல."

"லீக்ல இருக்கேன்டா. தெரிஞ்சா போச்சு."

"யாருக்குத் தெரியப்போவுது? அவன் ஜெர்சியப் போட்டுக்க. கேட்டா எங்க மாமா பையன்னு சொல்லிடுறோம்."

"உங்க மாமாவுக்கு மூணும் பொண்ணுங்கதானடா?"

"இன்னியிலேருந்து பையனும் இருக்கான். வா."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். இறங்கவில்லை.

வெளியூரிலிருந்து ஆட வருகிறவனுக்கு ஆட்டத்துக்கு முன் சால்வை போர்த்துவது அங்கே வழக்கம். கோல்கீப்பர் கமிட்டிக்காரரின் காதில் ஏதோ கெஞ்சினான். அவர் கோபப்பட்டார். "நம்மள நம்பி வந்த புள்ளைக்கு மரியாத செய்யாம ஆட வெக்கிறதா? என்ன பேச்சு பேசுற!"

மைக் முழங்கியது: "கடலூர் லீக்கில் கலக்கிக்கொண்டிருக்கும் நடுக்கள வீரர், நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார்!" வேறொருவன் ஜெர்சியின் மேல் சால்வையோடு நின்றேன். கோல்கீப்பர் கிளவுஸால் முகத்தை மூடிக்கொண்டான். எதிரே வரிசையாகப் போன்கள் உயர்ந்தன.

ஜெயித்தோம். நான் கடலூர் வந்து சேர்வதற்குள் போட்டோ வந்து சேர்ந்திருந்தது.

"சால்வ நல்லா இருக்கு தம்பி," என்றார் செயலாளர். கையில் டயர் கழற்றும் இரும்பு லிவர். "பேர அடிக்கணும். அடிக்கல. இன்னும் நாலு மேட்ச் இருக்கு. ஜெர்சி போட்டுக்கிட்டு பெஞ்சுல குந்து. ஆட விட மாட்டேன். எழுந்து போவாம குந்துனா சர்டிபிகேட்."

மூன்று ஆட்டம் உட்கார்ந்தேன். பெஞ்சுக்கடியில் என் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

நான்காவதில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். நடுவில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. பந்து உருண்டு பெஞ்சை நோக்கி வந்தது, இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. அதை நிறுத்தி, வலது ஓரத்தில் ஓடியவனுக்குச் சரியாகத் தட்டிவிட்டேன். அவனும் அதை எடுத்துக்கொண்டு ஓடினான். விசில். ரெஃப்ரி மஞ்சள் அட்டையோடு வந்தார். எதிர் டீம்காரன் ஒருவன், "பன்னெண்டு பேரா ஆடுறீங்க?" என்று கத்தினான்.

செயலாளர் பக்கம் திரும்பினேன். அவருக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"குந்துடா."

உட்கார்ந்தேன். பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீதி நேரத்தைக் கழித்தேன். தோற்றோம்.

"நாளைக்குக் கடைக்கு வா. கையெழுத்துப் போட்டுத் தரேன்," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"காலையிலயே வந்துடுறேன் சார்," என்றேன். "மத்தியானம் காட்டுமன்னார்கோயில்ல மேட்ச் இருக்கு."