நான் அழிக்காத கடிதம்

பொம்மசந்திராவில் ஒரு போல்ட் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். எனக்கு வயது இருபத்து நான்கு, திமிர் மட்டும் நாலு பேருக்கு ஆகும். ஆபீசில் எல்லோரும் என்னை 'சார்' என்பார்கள். டெஸ்பாட்சில் இருந்த அக்கா மட்டும் 'தம்பி' என்பாள். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் மேனேஜர் எதிரே, "தம்பி பீத்திக்கறதுதான் ஜாஸ்தி சார், வேலை கம்மி" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். நான் அதை மறக்கவில்லை.

ஆயுத பூஜையன்று காலையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரி தின்றுகொண்டிருக்கும்போதே முதலாளி திடீரென்று அறிவித்தார். பழைய கம்ப்யூட்டர்களைச் சீனியர் தொழிலாளிகள் இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப்போகலாமாம்.

அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, என் மெஷின்ல வக்கீலுக்கு எழுதின லெட்டர் இருக்கு. மாசக் கடைசில பொண்ணைக் கூட்டிட்டு ஜீவனஹள்ளிக்கு, தங்கச்சி வீட்டுக்கே போயிடப்போறேன். அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவாரு. நானே டெலீட் பண்ணிட்டேன். ஆனா நிஜமா போயிடுச்சா?"

அவள் புருஷன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். அவன் கைவரிசையை அவள் முழங்கையில் நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

போகவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். டெலீட் செய்தால் பெயர்தான் போகும், எழுதினது டிஸ்க்கிலேயே கிடக்கும். டிஸ்க் முழுக்கப் பூஜ்யமாக எழுதினால்தான் அழியும். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும், அதற்கான ஃப்ளாப்பியும் என் பையில் இருந்தது.

"பூஜை போட்ட மெஷினை இன்னிக்குத் தொடலாமா அக்கா? நாளைக்குத்தான் எடுக்கணும். நீங்க டெலீட் பண்ணிட்டீங்கல்ல, எல்லாம் போயிடுச்சு. சும்னே பேஜார் பண்ணிக்காதீங்க."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூஜை விஷயத்தில் அவளுக்குப் பயம் உண்டு. அது தெரிந்துதான் சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அவள் கடிதம் அப்படியே கிடக்கட்டும் என்று மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மத்தியானம் அவள் புருஷன் வந்து, வரிசையாக வைத்திருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்தான். "இது நம்ம வீட்டம்மா மெஷின்தானே? இதையே குடுங்க" என்றான். அக்கா என்னைப் பார்த்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த ஞாயிறு, பெண்ணுக்கு கேம் போட்டுத் தரச் சொல்லி நீலசந்திராவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்தான். ஒரே அறை, தடுப்புக்குப் பின்னால் அடுப்பு. கேம் போட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டான்.

"ஏன் தம்பி, வேலை முடிஞ்சும் இதுல ஏதோ தட்டிக்கிட்டே இருப்பாளாமே. அழிச்சதை எடுக்க முடியுமா?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தெரியாது என்று சொல்ல என் திமிர் விடவில்லை.

"நம்மால முடியாததாண்ணா?" என்றேன். பத்தே நிமிஷத்தில் கடிதம் திரையில் வந்து நின்றது.

"இங்கிலீஷா? எனக்கு வராது. நீ தமிழ்ல படி."

அக்கா காபியோடு வந்து நின்றாள். "அது ஆபீஸ் லெட்டர்தானே தம்பி?" என்றாள். என் வாயில் பொய்யை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஆமாம் என்றால் முடிந்தது.

படித்தேன். தங்கச்சி வீட்டுத் தெரு, கிளம்பும் நாள், பெண்ணைச் சேர்க்கப்போகும் பள்ளி, ஒன்றையும் விடவில்லை. பாதியிலாவது நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பாவி நான். அவன் காபியை நிதானமாகக் குடித்து முடித்து, என்னை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

திங்கட்கிழமை அக்கா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவன் ஒரு வெள்ளைத் தாளோடு என் மேஜைக்கு வந்தான். தாளின் அடியில் அவள் கையெழுத்து மட்டும் கோணலாக இருந்தது.

"உடம்பு சரியில்ல, வேலைய விட்டுடறேன்னு மேலே அடிச்சுக் குடு தம்பி."

கையெழுத்தின் மேல் எழுத்து ஏறாமல் இருக்க, முதலில் வேறு தாளில் இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். பிறகு அவள் தாளைப் பிரிண்டரில் செருகினேன். சரியாக வந்தது.

"தேங்க்ஸ் தம்பி" என்றான்.

"பரவாயில்லண்ணா" என்றேன்.