ஏரோதின் கிரீடத்தை உரித்த அன்று

எங்கள் ஊரில் ஏரோது ராஜாவாக நடிக்க நடிப்பெல்லாம் தெரிய வேண்டாம். கிரீடம் வீட்டில் இருந்தால் போதும். மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் கோயில் முற்றத்தில் போடும் நாடகத்தில், நட்சத்திரத்தைப் பார்த்து வருகிற மூன்று ராஜாக்களாக யாரும் நடிக்கலாம். கமிட்டி கை காட்டுகிற ஆள் ஏறிக்கொள்வான். பிறந்த பாலனைக் கொல்லத் தேடுகிற ஏரோது அப்படியில்லை. அந்தக் கிரீடம் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு ஆள்தான் ஏரோது. அது எங்கள் வீட்டில் இருந்தது. பிறகு மியூசியத்துக்குப் போய்விட்டது. இதில் கூடுதல் கொடுமை, அந்த மியூசியத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

அது போன கதை சின்னது. புயல் அடித்த வருஷம் கடலுக்குப் போன எங்கள் ஊர்க்காரர் சிலர் திரும்பவில்லை. அதோடு நாடகம் நின்றது. அதுவரை ஏரோதாக இருந்த பாட்டாவும் பிறகு இறந்துபோனார். அவர் மகனான என் அப்பா துபாயில் ஏசி மெக்கானிக். ஊர் ஊராக நாட்டுப்புறக் கைவினைப் பொருள் சேர்க்க வேனில் வந்தவர்களிடம், அலமாரிக்கு மேலே கரப்பான் குடியிருந்த கிரீடத்தை அம்மா தூக்கிக் கொடுத்துவிட்டாள். கேட்டால், "எடம் அடச்சிட்டு கெடந்துது, குடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் அத தொடச்சியளா?" என்பாள்.

நான் பி.ஜி. முடித்து சும்மா இருந்தபோது கிடைத்தது இந்தக் காண்ட்ராக்ட் வேலை. திருவட்டாறு போகிற வழியில் ஒரு பழைய ஓட்டு வீடுதான் மியூசியம். வில்லுப்பாட்டுக் குடம், களியலாட்டக் கம்பு, தாழம்பாய், மீன் சுமக்கிற ஓலைக்கடவம் என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, கீழே வைக்கிற குறிப்பை நான் எழுத வேண்டும். கிரீடத்துக்கும் நானே எழுதினேன்: 'நாடகக் கிரீடம். வெள்ளித்தாள், ஜிகினா, கண்ணாடிச் சில்லு.' எங்கள் வீட்டுப் பொருள் என்று எழுதவில்லை. எழுதினால் சீன் போடுகிற மாதிரி இருக்கும்.

அப்பா துபாயை முடித்துக்கொண்டு வந்ததும், ஊர் இந்த வருஷம் நாடகம் போட முடிவு செய்ததும் ஒன்றாக நடந்தது. அப்பாவின் சித்தப்பா மகன், எனக்குச் சித்தப்பா முறை, உடனே நாகர்கோவில் போய் ஒரு வெல்வெட் கிரீடம் வாங்கி வந்து ஸ்டேட்டஸில் போட்டார். சிவப்பு வெல்வெட், நடுவில் பிளாஸ்டிக் கல், பார்த்தால் பேன்சி டிரஸ் போட்டி. கமிட்டித் தலைவர் நியாயம் பேசினார்: "ஞாயித்துக்கெழம ஒத்திகைக்கு பழைய கிரீடத்தோட வந்தா மூத்தவன் ஏரோது. வரலன்னா எளையவன். பிறவு ஒருத்தரும் சண்ட போடப்பிடாது."

அந்த வாரம் முழுக்க என் போன் அடங்கவில்லை. பஸ்ஸில் நிற்கும்போது அப்பா கூப்பிடுவார். சோறு தின்னும்போது கூப்பிடுவார்.

"ஏட்டி, மியூசியம் மேடத்துகிட்ட பறஞ்சியா?"

"பறஞ்சேன்ப்பா. குடுக்க மாட்டாவளாம்."

"நம்ம சாதனத்த நமக்கு குடுக்கதுக்கு என்ன?"

"இப்ப அது நம்ம சாதனம் இல்ல. அம்மை கையெழுத்து போட்டு குடுத்தாச்சு."

"அவளுக்கு கையெழுத்து போட யாரு சொல்லிக் குடுத்தது?" என்று அதற்கும் கோபப்படுவார். பின்னால் அம்மா திருப்பிக் கத்துவது கேட்கும்.

எனக்கும் உள்ளுக்குள் ஒரே பதற்றம். ஒரு பக்கம் அப்பா. இன்னொரு பக்கம், ஏப்ரலில் காண்ட்ராக்டை நீட்டிக்க வேண்டிய மேடம். மேடம் தஞ்சாவூர்க்காரர். குரலை உயர்த்தாமலேயே ஆளை உட்கார வைத்துவிடுவார். "கலெக்ஷனுக்குள்ள வந்த பொருள் வெளியில போகாது, மா. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு வில்லுக்குடம் கேட்டு கோயில் கொடை நடத்துறவங்க வருவாங்க" என்றார். அதுவும் உண்மைதான், என்ன செய்ய.

ஆனால் அது எங்கள் வீட்டுக் கிரீடம் என்று தெரிந்ததும் அவருக்கு வேறு யோசனை வந்தது. புதிதாகத் திறக்கப்போகிற அறையில், பொருளோடு அதை அணிந்த குடும்பத்து ஆளின் படமும் வைக்கலாமே. "அப்பாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லு. இங்கேயே வெச்சு ஒரு போட்டோ. தலையில வெச்சுப் பார்த்த திருப்தியும் அவருக்கு இருக்கும்."

அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, துபாய் சென்ட், மிலிட்டரிக்காரன் மாதிரி ஷேவ். மேடம் பருத்திக் கையுறையைக் கொடுத்தார். காலமெல்லாம் கம்ப்ரசர் பிரித்த கை, பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. இரண்டு விரல் நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். கிரீடம் வெள்ளைத் துணி மேல் இருந்தது. தூக்கித் தலையில் வைத்தார். நான் படம் எடுத்தேன். மேடம் ஸ்கிரீனைப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார். அப்போது அவருக்குப் போன் வந்தது. மியூசியத்தை நடத்துகிற டிரஸ்டு ஆள். பேசிக்கொண்டே வெளி வராந்தாவுக்குப் போனார்.

அப்பா கிரீடத்தை இறக்கி மடியில் வைத்தார். ஓரத்தை விரலால் தட்டினார்.

"மக்கா, பேப்பரு எளகி கெடக்கு பாத்தியா."

"ம்ம்."

"இத எப்பிடி போட்டு மேடையில ஏறுகது?"

கையுறையை உருவி மேஜை மேல் வைத்தார். கட்டைவிரல் நகத்தை வெள்ளித்தாளுக்கு அடியில் விட்டு, பைய இழுத்தார். தாள் சரசரவென்று வந்தது.

இதைப் படிக்கிற யாருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும். எனக்கு அடைக்கவில்லை. அதுதான் விஷயம். நாடகம் நடந்த வருஷங்களில், கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். பாட்டா பாயில் உட்கார்ந்து போன வருஷத்துத் தாளை உரிப்பார். கண்ணாடிச் சில்லுகளைத் தனியாக எடுத்து வைப்போம். மைதாப் பசை காய்ச்சிப் புதுத் தாள் ஒட்டுவோம். பழைய தாளோடு ஏரோது மேடை ஏறினால் ஊர் சிரிக்கும். உரிக்கிறவர் உரித்தால் பக்கத்தில் இருக்கிறவர் தட்டு நீட்ட வேண்டும். என் கை தானாக நீண்டது. பக்கத்தில் இருந்த மேடத்தின் டீத்தட்டை எடுத்து நீட்டினேன். அப்பா சில்லுகளை ஒவ்வொன்றாக அதில் போட்டார். 'பொருள்களைக் கையுறையில்லாமல் தொடக்கூடாது' என்று நானே பிரிண்ட் எடுத்து ஒட்டிய தாளுக்கு நேர் கீழே, ரெண்டு பேரும் வேலையைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டோம்.

மேடம் திரும்பி வந்தபோது மேஜையில் ஒரு பக்கம் கசங்கிய வெள்ளித்தாள் குவியல். அப்பாவின் மடியில் மொட்டை அட்டை. ஏதோ பழைய சோப்புப் பெட்டி அட்டை, உள்பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை.

அப்பா நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "மேடம், இஞ்ச பக்கத்துல ஜிகினாப் பேப்பர் கடை எங்கயாக்கும்?"

மேடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன சார் பண்ணிட்டீங்க?"

"உரிச்சேன் மேடம். பழசாச்சுல்லா."

"பழசா இருக்கறதாலதான் சார் இது இங்க இருக்கு!"

அப்பா என்னைப் பார்த்தார். புரியாத பார்வை. மேடமும் என்னைப் பார்த்தார். "நீ இங்கதானே இருந்த?"

"இருந்தேன் மேடம்."

"பார்த்துக்கிட்டா இருந்த?"

கையில் டீத்தட்டோடு நிற்கிறவள் என்ன சொல்வாள்? "நானும் சேர்ந்துதான் மேடம்" என்றேன். வேலை போச்சு என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அதனாலோ என்னவோ வாய் தைரியம் வந்தது.

மேடம் இடுக்கியை எடுத்து, கிழிந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ட்ரேயில் அடுக்கத் தொடங்கினார். மூங்கில் இலை மாதிரி பாட்டா கத்தரித்த ஓரம், நடுவில் ஒட்டிய நட்சத்திரம் எல்லாம் முழுசாகத்தான் வந்திருந்தது. அப்பாவின் கைவேலை அவ்வளவு சுத்தம். அட்டையை மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவோ தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அட்டையை மார்போடு பிடித்திருந்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"மேடம், நம்ம குறிப்புல அட்டைன்னு ஒரு வார்த்தை இல்ல. வெள்ளித்தாள், ஜிகினா, கண்ணாடி. அவ்வளவுதான். பாட்டா கை வேலையும் அதுதான். அது மொத்தமும் உங்ககிட்ட இருக்கு."

"அட்டையில்லாம இது நிக்குமா?"

"புது அட்டை வெட்டி நானே ஒட்டித் தரேன். போட்டோ இருக்கு, அதே மாதிரி. ஒரு இஞ்ச் மாறாது."

மேடம் இடுக்கியைக் கீழே வைத்தார். "நீ யார் பக்கம்?"

"இப்ப தெரியல மேடம்."

மேடம் ட்ரேயை இழுத்து, தாள்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அப்பா நடுவில், "ஏட்டி, மேடம் என்னவாக்கும் சொல்லுகாவ?" என்று கிசுகிசுத்தார். நான் காலை மிதித்தேன்.

கடைசியில் மேடம் சொன்னார்: "டிரஸ்டுக்கு நான்தான் பதில் சொல்லணும். மேல்வேலை இங்க இருக்கும். உள்ள இருக்கறது வெறும் சப்போர்ட். அதை எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"சப்போர்ட்டா?" அப்பா எழுந்தார். "மேடம், இதாக்கும் கிரீடம். எங்க அப்பன் தல எண்ணெ இதுலதான் கெடக்கு. நீங்க சொல்லுகது வருசா வருசம் தூரக் களையுக பேப்பரு."

"அப்பா, வா." கையைப் பிடித்து இழுத்தேன். ஜெயித்த பிறகும் சண்டை போடுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பஸ்ஸில் குழித்துறை வரும்வரை, "சப்போர்ட்டாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அட்டையை எனக்குக்கூடத் தரவில்லை.

சனிக்கிழமை புதுத்தாள் ஒட்டினோம். காயாத பசையோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் முற்றத்துக்குப் போனோம். சித்தப்பா வெல்வெட்டோடு முன்பே வந்து நின்றார். எங்கள் கிரீடத்தின் பளபளப்பைப் பார்த்ததும் சிரித்தார்.

"அண்ணா, இதும் நாகர்கோயில்லதான் வாங்கினியா? மியூசியத்துல குடுக்கலன்னு பேச்சு வந்துதே."

"உனக்க வாயில சுண்ணாம்ப தேய்க்கணும்."

கூட்டம் கூடியது. புதுசு மாதிரி இருக்கே, பழசு எங்கே என்று ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். உரித்த தாள் கையில் இருந்தாலாவது காட்டலாம். அது அங்கே, மேடத்தின் ட்ரேயில்.

கமிட்டித் தலைவர் கிரீடத்தை வாங்கினார். வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்து, மூக்கை உள்ளே விட்டு இழுத்தார். தும்மினார்.

"கெழவனுக்க எண்ணெதான்" என்று அப்பாவிடம் நீட்டினார். "போட்டுட்டு ஏறு."

சித்தப்பா வெல்வெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கேட்காமலேயே மூன்று ராஜாக்களில் ஒருவராகப் போய் நின்றுகொண்டார். அப்பா ஏறினார். பசை காயாத இடத்தில் தாள் நெற்றியில் ஒட்டியது. பாட்டு ஒரு வரியும் சரியாக நினைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏரோது முதலில் பாட வேண்டியதை விட்டுவிட்டு, நேராகக் கோபத்துக்குப் போய், "பிறந்த பிள்ளை எங்கே?" என்று கையை ஓங்கிக் கத்தினார். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அப்பாவின் முகம் மலர்ந்துபோனது. சிரிப்பை அடக்க முடியாமல் ஏரோது அங்கேயே நின்றார்.

"சிரிக்காத லே, நீ ஏரோது!" என்று கீழேயிருந்து தலைவர் கத்தினார்.

"அழுதது எனக்க பேத்தியாக்கும்" என்றார் சித்தப்பா. "அவ கொசு கடிச்சாலும் அழுவா."