இஞ்சி பீரும் அப்பாவின் சனிக்கிழமையும்

"இந்த ஊட்டுல ஒருத்தர் குடிக்கறது பத்தாதுன்னு, நீ வேற காய்ச்சப் போறியாக்கும்?"

அம்மா இப்படிக் கேட்டபோது நான் இஞ்சி துருவிக்கொண்டிருந்தேன். சாறு தெறித்து ஒரு கண் எரிந்துகொண்டிருந்தது. கௌரவமாகப் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

"பீர் இல்லீங்மா. இஞ்சி பீர். போதை வராது. கேஸ் மட்டுந்தான்."

"பேருலயே இருக்குதே கண்ணு."

இருக்கிறதுதான். என்ன செய்வது? நிஜ பீரை வீட்டில் காய்ச்ச நம் மாநிலச் சட்டம் விடாது. விட்டாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஆரத்தி எடுக்க ஆளில்லை. நான் செய்ய நினைத்தது அதன் சாதுவான தம்பி. இஞ்சித் தோலில் ஈஸ்ட் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரில் துருவிப் போட்டால் அது சர்க்கரையைத் தின்று கேஸ் விடும். அந்தத் தண்ணீரை இஞ்சிக் கஷாயத்தோடு கலந்து பாட்டிலில் அடைத்தால் கேஸ் உள்ளேயே தங்கும். திறந்தால் 'புஸ்'. குடித்தால் தொண்டையில் ஒரு கடி. அதிக நாள் வெளியே விட்டால் ஆல்கஹாலும் வந்துவிடும், அதற்கு முன்பே ஃப்ரிட்ஜில் ஏற்றிவிட வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி படித்தவள். வீரபாண்டியில் ஒரு டையிங் கம்பெனி லேப்பில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் — இதை இந்தப் பத்திரிகையில் எத்தனை வாரம் எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. உங்களுக்கு அலுத்திருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, யாருக்காகக் காய்ச்சினேன்? அப்பாவுக்காக.

அப்பா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க ஸ்டீமுக்கு நடுவில் நிற்கிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் பார்த்திருக்கிறீர்களா? பரோட்டாக் கடையில் கூட்டம், கறிக்கடையில் கூட்டம், செல்போன் கடையில் கூட்டம். அப்புறம், 'கடை'. எங்கள் வீட்டில் முன்னால் எந்தப் பெயரும் சேர்க்காமல் கடை என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் பீர்தான் குடித்தார். "வெக்கைக்கு அடக்கமா இருக்குது கண்ணு" என்பார். பிறகு பீர் போதவில்லை, பிராந்தி. பிறகு சனிக்கிழமை போதவில்லை.

போன மழைக்காலத்தில் வயிறு உப்பிக்கொண்டது. ஸ்கேன் எடுத்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஈரல் வீங்கியிருக்குங்க. இப்ப நிறுத்துனா தேறி வந்துரும். இப்படியே போனா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அப்பா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "நல்ல டாக்டரு. பொறுமையாப் பேசறாரு."

அரசு ஆஸ்பத்திரியில் குடியை மறக்கச் சிகிச்சை தருகிறார்கள், போகலாம் என்று கூப்பிட்டேன். கெஞ்சினேன். "அது பைத்தியக்கார வார்டுக்குப் பக்கத்துல இருக்குது சாமி. அங்க போய் என்னை உக்காரச் சொல்றியா?" என்றார்.

நிறுத்த முடியாதவரா என்றால், அதுவும் இல்லை. தைப்பூசத்துக்கு மாலை போட்டால் தொட மாட்டார். பழனிக்கு நடந்து போய்த் திரும்புகிறவரை எங்கள் வீடு டி.வி. விளம்பரத்தில் வரும் வீடு மாதிரி இருக்கும். அம்மா சிரிப்பாள். அப்பா அவருடைய சட்டையை அவரே அயர்ன் செய்துகொள்வார். மாலை கழற்றின வாரமே பழையபடி. முருகனுக்குப் பயப்படுகிற மனுஷன், சொந்த ஈரலுக்குப் பயப்பட மாட்டேன் என்கிறார்...

மாலை போட்டிருந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். சாயங்காலமானால் சோடா கேட்பார். அதுவும் ஜிஞ்சர் சோடா. தொண்டையில் ஏதாவது கடிக்க வேண்டும் அவருக்கு. எனக்குள் இருந்த லேப்காரி உடனே எழுந்து உட்கார்ந்தாள். சில்லென்று இருக்கிற, நுரைக்கிற, எரிகிற, போதை மட்டும் இல்லாத ஒன்றைக் கொடுத்தால்? அதையும் பெற்ற மகளே காய்ச்சிக் கொடுத்தால்? வேண்டாம் என்பாரா?

இப்போது எழுதும்போது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு ஒரு புராஜெக்ட்.

வேலையை ஆரம்பித்தேன். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் வாசம், அது ஈஸ்ட்டுக்கு ஆகாது. ஒரு ராத்திரி குடத்தில் திறந்து வைத்தேன். ஜாடியில் இஞ்சி, சர்க்கரை. தினமும் கொஞ்சம் தீனி. அம்மா போகிற போக்கில் ஜாடியை எட்டிப் பார்த்து, "என்ன, உன்ர கொழந்தை எந்திரிச்சுதா?" என்பாள். எழுந்தது. திருப்பூர் வெயிலுக்கு இந்த ஊரில் நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஜாடிக்குள் குமிழ் குமிழாக ஏறி வந்தது.

பாட்டிலில் அடைத்தேன். காத்திருந்தேன். திறந்தேன்.

ஒன்றுமில்லை. சத்தமே இல்லை.

அம்மா ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, "சர்பத்து நல்லாத்தான் இருக்குது" என்றாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம். மறுபடியும் அடைத்தேன். மறுபடியும் சர்பத். ஜாடியில் துள்ளுகிற ஈஸ்ட், பாட்டிலுக்குள் போனதும் செத்துவிடுகிறது. ஏன்?

ஏன் என்று கண்டுபிடித்தது லேப்பில். எங்கள் வேலையில் துணியை வெளுக்கப் பெராக்சைடு போடுவோம். வெளுத்த பிறகு துணியில் அது துளி மிச்சமிருந்தாலும் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால் 'கில்லர்' என்று ஒன்றைப் போட்டு மிச்சத்தை ஒழித்துவிட்டுத்தான் சாயத்துக்குப் போவோம். ஒழிந்ததா என்று ஒரு பேப்பரை முக்கிப் பார்ப்பது என் வேலை. பேப்பர் நீலமானால், இன்னும் இருக்கிறது. அன்றைக்கும் பேப்பர் நீலமானது. நீலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டில் பாட்டில்களை எதில் சுத்தம் செய்தேன்? மெடிக்கல் ஷாப்பில் வாங்கின பெராக்சைடில். கிருமி இருக்கக் கூடாதல்லவா. நல்ல தண்ணீரில் அலசினேனா? இல்லை. ஈரத்தோடு கவிழ்த்து வைத்து, அப்படியே நிரப்பியிருக்கிறேன். கிருமியோடு சேர்த்து என் ஈஸ்ட்டையும் கொன்றிருக்கிறேன்.

பக்கத்து டேபிள் நசீமா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "ஏ புள்ள, ஊர்த் துணிக்கெல்லாம் பேப்பர் முக்கிப் பாக்கறே... உன்ர பாட்டிலுக்குப் பாக்க மாட்டியா?"

அடுத்த முறை பாட்டில்களை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்தேன். பிளாஸ்டிக் பாட்டில்தான் — கேஸ் ஏறினால் அழுத்திப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சீக்கிரமே கல் மாதிரி இறுகியது. ஃப்ரிட்ஜில் ஏற்றினேன். அப்பாவிடம், "இந்தச் சனிக்கிழமை நேரா ஊட்டுக்கு வாங்கப்பா. உங்களுக்கு ஒண்ணு தரோணும்" என்றேன்.

வந்தார். நேராக வந்தார். எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எப்படிச் சொல்வேன்? அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். நான் மூடியைத் திருகினேன். 'புஸ்ஸ்...' டம்ளரில் நுரை ஏறி வழிந்தது.

அப்பா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். "அட... காரம் புடிக்குது கண்ணு."

டம்ளரைக் காலி செய்தார். இன்னொன்று கேட்டார். அதையும் முடித்தார். "இதெல்லாம் காலேஜ்லயே சொல்லித் தர்றாங்களா சாமி?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் தைப்பூச மாசக் களை.

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். வண்டி சீட்டைத் தூக்குகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் பேப்பரில் சுற்றின ஒரு பாட்டில். ஒளிக்கவில்லை, தயங்கவில்லை. டம்ளரில் கொஞ்சம் பிராந்தி ஊற்றினார். மேலே என் இஞ்சி பீரை விளிம்பு வரை நிரப்பினார். சப்புக் கொட்டினார்.

"இனி சோடாவே வாங்க வேண்டியதில்ல சாமி. மிக்ஸிங்குக்கு இதுதான் சரி."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இல்லை. மனசாரச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தபோது அவரையும் கூப்பிட்டு, "எம்புள்ள செஞ்சதுங்க. கெமிஸ்ட்ரி படிச்ச புள்ள" என்று பெருமையாகக் காட்டினார். நான் பரீட்சையில் பாஸான அன்றைக்குக் கூட அப்பா என்னைப் பற்றி அப்படி ஊருக்குச் சொன்னதில்லை.

அம்மா சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சாப்பிட வா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் மிச்ச பாட்டில்களைத் திறந்து சாக்கடையில் ஊற்றினேன். ஒவ்வொன்றும் 'புஸ்' என்றது. அருமையான கேஸ். குறை சொல்லவே முடியாது.

திங்கட்கிழமை மதியம் சோற்று டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு லேப் பெண்களிடம் இதைச் சொன்னேன். யாரும் அதிர்ச்சியடையவில்லை. ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒரு அக்கா விளம்பரத்தில் பார்த்த பொடியைப் புருஷனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கிறார். அவருக்குக் குழம்பு பிடித்துப் போனதுதான் மிச்சம். இன்னொருத்தர் புருஷனுக்குக் கோயிலில் கயிறு கட்டிக் கூட்டி வந்தார். கயிறு நைந்ததும் வேறு கயிறு. இன்னொருத்தர் தானே பாட்டில் வாங்கி வந்து வீட்டில் வைக்கிறார் — ரோட்டில் விழுந்து கிடக்காமல் கண்ணெதிரில் இருக்கட்டும் என்று. குடிக்கிறவர் ஒருத்தர்தான். அதற்கு ஓவர்டைம் பார்க்கிறது மொத்தக் குடும்பமும்.

நசீமா சோற்று டப்பாவை மூடினாள். மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரு குடிக்கறாரு. நீ காய்ச்சறே. ரெண்டு பேருக்கும் சனிக்கிழமை எப்ப வரும்னுதானே இருக்குது?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன். முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் இந்த மாதம் முழுக்க நான் வேறு எதையும் நினைக்கவில்லை. லேப்பில் இருக்கும்போது ஜாடி. பஸ்ஸில் ஜாடி. அப்பா பேசினால் வார்த்தையைக் கேட்பதில்லை, வாசம் வருகிறதா என்று பார்க்கிறேன். வண்டிச் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். நண்பர்கள் கூப்பிட்டால் போவதில்லை. ராத்திரி அவர் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். இதற்கெல்லாம் என்ன பெயர்? பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாசம்தான். ஆனால் அவர் ஈரலில் அது ஒரு கடுகளவுகூட வேலை செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பாவே கேட்டார்: "இந்த வாரம் காய்ச்சலையா சாமி?"

"இல்லீங்கப்பா."

"ஏன், இஞ்சி கெடைக்கலையா?"

வேறொன்று கேட்டேன். "உங்களைப் பத்திப் பத்திரிகையில எழுதட்டுங்களாப்பா?" அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. கம்பெனியில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

அப்பா தலையாட்டினார். "எழுது. நம்மூர்ல யாருக்குத் தெரியாது? வெளியூர்க்காரங்களுக்குத்தான் புதுசு." பிறகு, ரொம்ப மெதுவாக: "என்ர கை நடுங்கறத மட்டும் எழுதாத கண்ணு. அயர்ன் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க."

அதுவரை கை நடுங்குவது எனக்குத் தெரியாது. மூச்சை எண்ணினவள், வாசம் பிடித்தவள்... கையைப் பார்க்கவில்லை. அதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன். அப்பா, மன்னிச்சுக்குங்க. மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

மறுநாளே ஆஸ்பத்திரியின் அந்தப் பிரிவுக்குப் போன் செய்தேன். "அவர் வரவே மாட்டேங்கறாருங்க" என்றேன். போனை எடுத்த பெண்மணி, இதைத் தினமும் கேட்கிற குரலில் சொன்னார்: "அவரு வர்றப்ப வரட்டும். நீங்க வாங்க. வீட்டு ஆளுங்களுக்கும் இங்க பேசறாங்க."

அடுத்த புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அப்பா சொன்னது பொய்யில்லை, மனநல வார்டுக்குப் பக்கத்துக் கட்டடம்தான். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னை மாதிரித் தனியாக வந்த பெண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் முறை வந்தது. சீட்டு போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது ஆண் நிற்கிறாரா என்று தேடினார்.

"யாருக்கும்மா பாக்கணும்?"

"எனக்குங்க" என்றேன்.