ஒரு பகல் பிள்ளை

எங்களுக்கு ஒரு பகல் மட்டும் ஒரு பிள்ளை இருந்தது. காலையில் என் கையைப் பிடித்தது, சாயங்காலம் விட்டுவிட்டது. சங்கரன்கோவில் என்றால் மற்றவர்களுக்குக் கோபுரமும் புற்றுமண்ணும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அந்தப் பகல்தான் வரும்.

எழுபதுகளின் கடைசி அது. மெட்ராசில் பெரம்பூர்ப் பக்கம் வாடகை வீடு, அவருக்கு ஆபீஸ் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஓடிவிட்டிருந்தது. டாக்டர்களைப் பார்த்தாயிற்று, மாத்திரை தின்றாயிற்று, உபவாசம் இருந்து ஜெபம் பண்ணியாயிற்று. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கொஞ்சம் கூர்மையாகியிருந்தது. அந்தக் கூர்மை இன்னும் மழுங்கவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், சங்கரன்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு நாலு பிள்ளைகள், நாலும் பெண். ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸ் வந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே தம்பியிடம் சொன்னார்.

"எனக்கு நாலு இருக்கு, ஒனக்கு ஒண்ணும் இல்ல. மூணாவதை நீ கொண்டுபோயி வளத்துக்கோல. நான் என்ன அந்நியனுக்கா கொடுக்கேன்?"

எங்கள் குடும்பங்களில் அது புதிதில்லை. அண்ணன் பிள்ளையைத் தம்பி வளர்ப்பான், அக்கா பிள்ளையைத் தங்கை வளர்ப்பாள், பத்திரம் எழுதிக்கொள்வதெல்லாம் கிடையாது. நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். மறுநாளே நாலு வயசுப் பிள்ளைக்கு இரண்டு கவுன் தைக்கக் கொடுத்துவிட்டேன். ஆள் இங்கே இல்லை, அளவு தெரியாது, தையல்காரர் சிரித்தார். எனக்கென்ன, கொஞ்சம் பெரிதாகவே தையுங்கள், வளருகிற பிள்ளை என்றேன்.

வந்த அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது மூத்தாரின் யோசனை. இரண்டு நாள் தங்கினால் அழுகை, ஏக்கம் எல்லாம் வந்துவிடும் என்றார். ஆகவே காலை ரயிலில் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினோம், சாயங்கால ரயிலுக்குத் திரும்ப டிக்கெட் வைத்திருந்தோம். இடையில் இருந்த பகலில் ஊரில் வேண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொண்டுபோனால் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனது போல ஆகிவிடும். ஒரு வீட்டை விட்டால் போதும், அடுத்த கிறிஸ்மஸ் வரை அந்த வீட்டில் முகம் தூக்கி வைத்திருப்பார்கள்.

மூத்தார் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் போனபோது அவள் ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். பிள்ளையைக் குளிப்பாட்டி வைத்திருந்தாள். நான் கொண்டுபோன கவுனைப் போட்டுவிட்டேன். தோள் இரண்டும் தொங்கியது. பிள்ளைக்கு அது பெருமையாக இருந்தது, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டது. என் விரலைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, ரயிலு எத்தன மணிக்கு?" என்று கேட்டது. நான் அப்படியே உருகிப்போனேன்.

முதலில் குருவானவர் வீட்டுக்குப் போனோம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்களை ஜெபம் பண்ணாமல் அனுப்ப மாட்டார்கள். காப்பி கொடுத்து, சேதி கேட்டு, பிறகு எல்லாரும் தலை குனிய வேண்டும். குருவானவர் பிள்ளையின் தலையில் கைவைத்து நீளமாக ஜெபம் பண்ணினார். ஆபிரகாமில் தொடங்கி ரயில் பிரயாணம் வரைக்கும் வந்தார். பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. நடுவிலேயே உரக்க "ஆமென்" என்று சொல்லிவிட்டது. நான் சிரிப்பை அடக்கியதில் புரையேறியது.

அடுத்துத் தறிச் சத்தம் கேட்கிற தெருவில் என் வீட்டுக்காரரின் பெரியப்பா வீடு. அங்கே கலர் சோடா வாங்கிவரச் சொல்லி உடைத்துக் கொடுத்தார்கள், பிறகு ஜெபம். அப்புறம் ரிட்டையரான ஒரு டீச்சரம்மா வீடு. என் வீட்டுக்காரருக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்கள். "நல்ல காரியம் பண்ணுதிய. அங்கன போனதும் இங்கிலீஷ் மீடியத்துல சேத்துரணும். அவ அம்மாவ மாதிரி எட்டாங் கிளாசோட நிறுத்திராதிய" என்றார்கள். அங்கேயும் ஜெபம். மூன்றாவது ஜெபத்தில் பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லாமல் வெயிலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கனத்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சுமந்ததில்லை. வழியில் முகம் தெரியாத ஒரு பெண், "பிள்ள முகத்துல வெயிலடிக்கி பாருங்க" என்றாள். என்னைத் தாய் என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் முந்தானையை இழுத்து மூடினேன்.

கடைசியாக மூத்தாரின் பக்கத்து வீடு. நெல்லும் வாழையுமாக வயல் வைத்திருக்கிற இந்துக் குடும்பம். அந்த அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். சேதியைக் கேட்டுவிட்டுக் கையை நிறுத்தாமலே கேட்டார்கள்: "எல்லாம் சரி. அவ மாமன்காரன் என்ன சொன்னான்?"

என் வீட்டுக்காரர், "ஊருக்குப் போனதும் ஒரு கார்டு போட்டுருவோம் அக்கா" என்றார்.

"கார்டா?" என்றார்கள் அந்த அம்மா. முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மாமன்காரன் என்றது அக்காவின் தம்பியை. கரிவலம்வந்தநல்லூரில் விவசாயம். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஊரெல்லாம் சுற்றின எங்களுக்கு அங்கே போகத் தோன்றவில்லை. அது பெண் எடுத்த வீடு, பெண் எடுத்த வீட்டில் போய் என்ன கேட்பது என்ற நினைப்பு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும். எனக்கு வேறு நினைப்பு. அதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் வாயைக் கிளற எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் அவள் மீன்குழம்பு ஊற்றினாள், அவியல் வைத்தாள், மறுசோறு வேணுமா என்று கேட்டாள். வேறு ஒரு சொல் பேசவில்லை. எங்களோடு உட்காரவும் இல்லை. எழுந்து அடுக்களைக்குள் போய் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். ஏதாவது கேட்கப்போய், 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால்? இலையில் இருந்த மீனில் முள் எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மேல் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தோம். பிள்ளை என் இடுப்பில். அப்போது சைக்கிளில் மாமன்காரர் வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. சைக்கிளை நிறுத்தினார், படி ஏறவில்லை.

"உள்ள வாங்க மாப்ள" என்றார் மூத்தார்.

"இருக்கட்டும் அத்தான்."

செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாசலில் தண்ணீர் வாங்காதவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"நான் தாய்மாமன். இவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கையில ஞானத்தகப்பனா நின்னவனும் நான்தான். சபை முன்னால இவளுக்காக வாக்குக் கொடுத்திருக்கேன். ஊரு பூராவும் சொல்லியிருக்கிய. எனக்குச் சொல்ல ஒரு பஸ்ஸு கெடைக்கலயா அத்தான்?"

"எம் பிள்ள, நான் கொடுக்கேன். இதுல ஒம்ம கேக்கணுமோ?" என்று மூத்தார் எகிறினார்.

என் வீட்டுக்காரர் படி இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புதான் மச்சான். எங்க மேலதான் தப்பு. மனசுல வச்சுக்கிடாதிய."

"நான் வேண்டாம்னு சொல்லல. உங்ககிட்ட பிள்ள நல்லாத்தான் இருக்கும். எங்கக்காட்ட யாராவது கேட்டியளா? அத மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் நாங்கள் எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வந்து என் இடுப்பிலிருந்து பிள்ளையை எடுத்தாள். பிள்ளை முதலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது, பிறகு தாயிடம் தாவியது. தாயும் பிள்ளையும் உள்ளே போய்விட்டார்கள்.

அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வருஷங்கள் போய்விட்டன. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவும் இல்லை. அந்தப் பிள்ளை படித்து, கல்யாணமாகி, அவளுக்கே இப்போது பேரன் இருக்கிறான். கிறிஸ்மஸுக்குப் போன் பண்ணி, "சித்தி, சுகமா இருக்கியளா?" என்பாள். அந்தப் பகல் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

மாமன்காரர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. அது அநியாயம் என்று தெரிந்தும் வைத்திருந்தேன். அக்கா கடைசியாகச் சொன்னதுதான் ஆறவில்லை.

அன்று கிளம்புகிற நேரம், என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டுச்சோற்றுப் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே பிள்ளை, அந்தத் தொங்கல் கவுனோடு.

"என் தம்பிக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். காலைல கரிவலம் பஸ்ஸு கண்டக்டர்கிட்ட" என்றாள் அக்கா. பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "எத்தன வீட்டுல போயிச் சொன்னிய. எங்கிட்ட நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே துணி மடிச்சு வச்சு அனுப்பியிருப்பேன்ட்டி."

கண் நிறைய நீரோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையும் பார்த்தது. கேட்டிருந்தால் என்று அவள் சொன்னாள். அதோ, கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டுதான் சொன்னாள். சரி அக்கா, இப்போது கேட்கிறேன், தாருங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இத்தனை பேர் முன்னால் என் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாளே என்ற வீம்பு நெஞ்சு முட்ட நின்றது.

"ரயிலுக்கு நேரமாச்சுக்கா" என்றேன்.