கறவைக்கு முன்னே விலகிய திரை

ரொதியோன் சாவிச்சுக்கு அறுபது தாண்டிவிட்டது. ரஷ்யாவில் காமா நதிப் படகுத் துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரை நகர நாடக அரங்கில் திரை இழுக்கக் கூப்பிட்டார்கள். ஒருநாள் நடிகன் ஒருவன் குடித்து மட்டையாகிவிட, இவர் ஈட்டி பிடித்து மேடையில் நின்றார். அப்படித்தான் ஆரம்பம். யுத்தத்தில் லாரியின் மேல் ஏறி நின்று சிப்பாய்களுக்கு நடித்தார். பிறகு இயக்குநர் லெனின்கிராதுக்கு மூட்டை கட்டியதும் அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. ராஜா, திருடன், கட்சிச் செயலாளர், புத்தாண்டுக்குப் பரிசு கொண்டுவரும் பனித் தாத்தா, எல்லா வேஷமும் கட்டியாயிற்று. கிடைக்காதது அரசாங்கம் தரும் 'கௌரவக் கலைஞர்' பட்டம் ஒன்றுதான். கூட ஆரம்பித்த அரைகுறைகள்கூட வாங்கிவிட்டார்கள். இவருக்காகப் போன சிபாரிசெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

அந்தக் கோடையில்தான் மாகாணத் தலைநகரிலிருந்து போஸ்துகோவ் என்ற கலாசார அதிகாரி இவர் நடிப்பைப் பார்த்து முடிவு எழுத வந்தார். வந்த நேரத்தைப் பாருங்கள்! நாடகக் கம்பெனி பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றும் மாதம். அன்றைக்கு ஒரு கூட்டுப் பண்ணையின் மன்றத்தில் நாடகம். பண்ணையில் ஏழு மணி என்று போட்டிருந்தாலும், மாலைக் கறவை முடிந்து பெண்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் திரை விலகும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதிகாரியைத் தவிர.

"மணி ஏழாச்சே, ரொதியோன் சாவிச். கடைசிப் படகைப் பிடிக்கணும் நான். ஆரம்பிக்கலாமா?"

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. உள்ளே போய் எல்லோரையும் தயாராகச் சொன்னார். கூடவே நடிக்கும் மனைவி ஆக்லாயா முறைத்தாள்.

"மாடே இன்னும் மேய்ச்சல்லேருந்து திரும்பல. அந்தப் பொண்ணுங்களுக்காகத்தானே வந்தோம்?"

"காலம் பூரா அவங்களுக்காகத்தான் காத்திருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் எனக்காக ஆரம்பிக்கிறேனே, அலுத்துப்போச்சு ஆக்லாயா."

"உன் இஷ்டம். காலி பெஞ்சுக்கு நல்லா நடி."

மகளை மன்னிக்காமலே சாகும் மாவு ஆலைக் கிழவன் வேஷம் அவருக்கு. கீழே அதிகாரியும், காவல்காரரும், சூரியகாந்தி விதை கொறிக்கும் இரண்டு கிழவர்களும்தான். இருந்தும் மனுஷர் உயிரைக் கொடுத்து நடித்தார். கடைசிக் காட்சியில் அவர் சாயும்போது கிழவர்கள் விதை கொறிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

முடிந்ததும் போஸ்துகோவ் மேடைக்கே வந்து கையைக் குலுக்கினார். நல்ல மனிதர்தான்.

"நடிப்பு பிரமாதம். ஆனா மக்கள் யாருமே வரலையே? ஜனங்க பார்க்க வராத கலைஞருக்குப் பட்டம் குடுங்கன்னு நான் எப்படி எழுத?"

"அவங்க கறவையில இருக்காங்க. முடிச்சிட்டுத்தான் வருவாங்க."

"அடடா. அப்போ சொல்லியிருந்தா நான் காலைப் படகுலயே போயிருப்பேனே" என்றார் போஸ்துகோவ். தொப்பியை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார்.

ரொதியோன் சாவிச் மேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முட்டி வலித்தது, தொண்டை கட்டியிருந்தது. எழுந்து பஸ்ஸில் ஏறிப் படுத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அப்போதுதான் கதவு திறந்தது. முகம் கழுவி, நல்ல தலைத்துணி கட்டிக்கொண்டு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் வந்தவள் உஸ்தீன்யா, கறவைக்காரிகளின் தலைவி.

"என்ன சாவிச், மூஞ்சில சாயமெல்லாம் வழியுது? ஆடி முடிச்சிட்டீங்களா?"

ஆக்லாயா புருஷனையே பார்த்தாள்.

"இல்லம்மா" என்றார், கட்டிய குரலில். "சும்மா ஒத்திகை பார்த்தோம். உக்காருங்க."

"அதானே பார்த்தேன்." உஸ்தீன்யா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "முடிச்சிருப்பாங்க, வீட்டுக்குப் போவோம்னாளுங்க இவளுங்க. நம்ம சாவிச் நம்மள விட்டுட்டு ஆரம்பிக்கிற ஆளாடின்னு சத்தம் போட்டு இழுத்துட்டு வந்தேன்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய், முதல் அங்கத்தில் ஆலைக் கிழவன் போடும் தொப்பியைத் தேட ஆரம்பித்தார்.